நேசத்துக்கு வாங்கிய பூட்ஸ்

1

என் அக்காள் மகன் தாசனுக்கு நம் மலைப்பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறது. நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த கொண்டாட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தான். அட்டையும் பாம்பும் உள்ள இடமாம். தினமும் போட்டு நடக்க நல்ல ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்ப வேண்டுமாம். எது நல்லது என்று மாமாவுக்குத் தெரிந்திருக்குமே என்று எழுதியிருந்தான்.

தெரியும். பதினெட்டு வருஷமாக மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருக்கிறேன். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் புண்ணுக்குக் கட்டுவதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் நான்தான். இங்கே நான் பார்த்தவற்றில் பாதி கால்கள். வெடித்த கால், அட்டை கடித்த கால், முள் ஏறிப் பழுத்த கால்.

தாசனுக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அவனுக்குப் பூட்ஸை அனுப்பிவிட்டு, மீதியை நம் சபைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இராஜாக்கமங்கலம் பக்கத்தில் நேசத்தை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். மலாயாவில் கொள்ளைக்காரர்களுக்கு அரிசி கடத்தி, ஜெயிலில் இருந்து, கப்பலேற்றி விரட்டப்பட்டவள் என்று அவளைப் பற்றி அங்கே பேசுகிறார்கள். ஜெபக்கூட்டத்தில்கூட அவள் பக்கத்தில் சிலர் உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டேன். நடந்தது என்ன என்று முழுதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாலு வருஷம் கழித்தாவது சொல்ல வேண்டும்.

2

முதலில் பூட்ஸ். ஊரில் வேறு யாருக்காவது உதவும்.

கடைக்குக் காலையில் போகக்கூடாது. நடந்து கால் சற்று வீங்கிய பிறகு, பிற்பகலில் போக வேண்டும். தடித்த காலுறை போட்டுக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் இறங்கும்போது நகம் கறுத்து விழும். நடக்கும்போது குதிகால் கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை, கழன்று வரக்கூடாது. முழங்கால்வரை வருவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஏற்றத்தில் முழங்கால் மடக்கில் உரசும். கெண்டைக்காலில் பாதிக்கு மேல் வந்தால் போதும். அதன் வாயில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

கணுக்கால் பக்கத்து ரப்பரை மடித்துப் பார்க்க வேண்டும். மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்தால் அது பழைய சரக்கு, சீக்கிரம் வெடிக்கும். அடியும் மேலும் ஒட்டும் இடத்தை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே துணி ஒட்டியிருக்க வேண்டும். வெறும் ரப்பர் வியர்வையில் காலை அவித்துவிடும். சாயங்காலம் கழுவி, நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. மறுநாள் போடுமுன் தட்டிப் பார்க்க வேண்டும், தேள் கிடக்கும்.

நம் வயலுக்கு இது ஆகாது. சேறு பிடித்து இழுத்தால் பூட்ஸ் உள்ளே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும்.

இதில் பாதி, பட்டணத்துச் சீனர் செருப்புக் கடையில் கேட்டது. மீதி நேசத்தின் காலில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

3

நேசம் எங்கள் சபைக்காரி. இராஜாக்கமங்கலத்திலிருந்து கல்யாணம் ஆன கையோடு கணவனுடன் இங்கே ரப்பர் பால் வெட்ட வந்தவள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கணவனைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. அப்போது மகள் எஸ்தர் கைக்குழந்தை. நேசம் அவளை முதுகில் கட்டிக்கொண்டு பால் வெட்டினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்தர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். என் மனைவி ரூத் அவளுக்குத் தலைபின்னி விடுவாள்.

கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரச் சட்டம் வந்து மூன்றாம் வருஷம் நேசத்துக்கு முகம் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. கொக்கிப்புழு. மண்ணில் வெறுங்காலுடன் நடக்கிறவர்களின் தோல் வழியே ஏறி, குடலில் இருந்து ரத்தம் குடிக்கிற புழு. மூன்று முறை மருந்து கொடுத்து இறக்கினேன். மூன்று முறையும் திரும்ப ஏறியது. காலை மூடாமல் இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் ஜாதியார் செருப்பு போடக்கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், செருப்பு போட்டுச் சந்தைக்குப் போனதற்காக அவளுடைய அப்பாவின் அப்பாவைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். அந்தச் செருப்பையே அவர் தலையில் வைத்து ஊரைச் சுற்றவிட்டார்களாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில் யாரும் காலில் எதுவும் போட்டதில்லை. சட்டம் மாறிப் பல காலம் ஆன பிறகும் போட்டதில்லை. இங்கே பூட்ஸ் போடுகிறவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். "தொரை காலுல கெடக்கத எனக்க காலுல போட்டா சும்மா இருப்பாவளா?" என்று கேட்டாள்.

நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நானும் ரூத்தும் அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனோம். சீனர் அவள் காலைத் தரையில் வைக்கச் சொல்லிச் சாக்கட்டியால் கோடு கிழித்தார். விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்த கால். பெண்களுக்கான எதுவும் நுழையவில்லை. ஆண்களுக்கான ஒன்றை எடுத்தார். அது சரியாக இருந்தது. நான்தான் அதற்கு அடுத்த அளவைக் கேட்டேன். தடித்த காலுறை போட்டால் இடம் வேண்டுமே என்றேன். கெண்டைக்காலுக்கு அது மிகவும் அகலமாக இருந்தது. சீனர் மலாய்மொழியில் பெரிது, பெரிது என்று இரண்டு முறை சொல்லித் தலையை ஆட்டினார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன்.

கடைக்கு வெளியே பத்தடி நடந்து பார்த்துவிட்டு நேசம் சிரித்தாள். "இது காலா, கொடமா? வெள்ளம் கோரலாம் போலிருக்கே." ரூத்தும் சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

பூட்ஸ் போட்ட நாலு மாதத்தில் அவளுக்கு உள்ளங்கையில் சிவப்பு திரும்பியது.

4

அப்போது காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் தடுப்பதுதான் சர்க்காரின் யுத்தம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். தண்ணீர் போத்தல், பால்வாளி, தலைத்துணி, இடுப்பு மடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். அரிசி ஒரு மணிகூட வெளியே போகக்கூடாது. வேலி போட்டபோது லயங்கள் உள்ளே வந்தன. ஆஸ்பத்திரி சாலைக்கு அப்பால் வெளியே நின்றுவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் எஸ்தர் டைபாய்டு காய்ச்சலில் இருபத்தைந்து நாளாகக் கிடந்தாள். வயது ஒன்பதோ பத்தோ. எலும்பும் தோலுமாக இருந்தாள். நேசம் பால் வெட்டி எடுத்து ஊற்றிவிட்டு, மதியம் நேராக அங்கே வந்துவிடுவாள். காய்ச்சல் இறங்கியதும் இனிக் கஞ்சி கொடுக்கலாம் என்றேன். ஆஸ்பத்திரி அரிசி சுண்ணாம்பு நாற்றமடிக்கும். எஸ்தர் வாயில் வைத்ததும் துப்பினாள். "வீட்டுக் கஞ்சி மாதிரி இருந்தால் குடிப்பாள்" என்று நேசத்திடம் நான் சொன்னேன். நினைத்துச் சொன்னதல்ல. வேறொருவனுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே சொன்னது.

மறுநாள் காலை நேசத்தை வாசலில் நிறுத்தினார்கள். அன்று புதிதாக வந்த ஒரு போலீஸ்காரி பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். அதுவரை யாரும் சொன்னதில்லை. இடது பூட்ஸுக்குள், காலுறைக்கும் ரப்பருக்கும் நடுவில், துணியில் முடிந்த இரண்டு பிடி அரிசி இருந்தது.

அரிசி யாருக்கு என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அவர் வேறு பக்கத்துத் தமிழர், படித்தவர். பயத்தில் நேசத்துக்கு ஒரே வாக்கியம்தான் வந்தது.

"எனக்க மக்களுக்காக்கும்."

உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பெற்ற பிள்ளையை மக்களே என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு மக்கள் என்றால் ஜனங்கள். காட்டுக்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டதும் மக்கள் படை என்றுதான். 'என் மக்களுக்காக' என்று அவர் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். எந்த மக்கள் என்று திரும்பக் கேட்டார்களாம். "எனக்கு ஒரே மக்கள்தான்" என்று அவள் அழுதாளாம். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆண்களின் பூட்ஸ் ஏது, யார் வாங்கிக் கொடுத்தது என்றும் கேட்டிருக்கிறார்கள். தானே வாங்கியது என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற கிராணி, அதாவது எங்கள் தோட்டத்துக் கணக்கர், இதையெல்லாம் அன்று பதினொரு மணிக்கு வந்து என்னிடம் சொன்னார்.

5

இனி எழுதுவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று.

எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். தோட்டத்தில் எனக்கும் ரூத்துக்கும் மட்டும்தான் தெரியும். லாரி ஏறிப் பட்டணத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அவள் மகள் என் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கஞ்சி கொடுக்கச் சொன்னது நான், பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னையும் பிடித்து வைப்பார்கள் என்று பயந்தேன். அந்த நாட்களில் விசாரணை இல்லாமலே வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அப்படிப் போனவர்தான்.

நாளை போகலாம் என்றிருந்தேன். மறுநாளும் அப்படியே. ரூத் தினமும் கேட்டாள். துரையிடம் பேசியிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அம்மா ஏன் வரவில்லை என்று எஸ்தர் கேட்டாள். வேலை அதிகம் என்றேன். இப்படி ஏழு நாள் போயின.

எட்டாம் நாள் பிற்பகல் போனேன். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். தன் தமிழில் பிழை இல்லை என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். காகிதங்கள் தலைநகருக்குப் போய்விட்டன, இதையும் பின்னால் அனுப்பி வைக்கிறேன் என்று அதிகாரி சொன்னார். என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

ஐந்து மாதம் முகாமில் வைத்திருந்துவிட்டு, நேசத்தைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள்.

6

எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாயிடம் அனுப்பிவைக்க விண்ணப்பம் போட்டேன். பிறப்புப் பதிவைப் பார்த்தார்கள். அதை எழுதிய எவனோ தாயின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தான். நேசம் அங்கே நாசம் ஆகியிருந்தாள். நாடு கடத்தப்பட்டவள் நேசம், பிள்ளையைப் பெற்றவள் நாசம், இருவரும் ஒருத்திதான் என்பதற்கு ருசு வேண்டும் என்று பதில் வந்தது. ருசு அனுப்பினேன். தகப்பன் இறந்த சான்றிதழ் கேட்டார்கள். சயாம் காட்டில் செத்தவனுக்கு யார் சான்றிதழ் கொடுப்பது? பிறகு நேசத்தின் சொந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார்கள். பழைய காகிதத்தில் திருவிதாங்கூர் என்றும் புதியதில் திருவிதாங்கூர்-கொச்சி என்றும் இருந்ததாம்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. எல்லாவற்றையும் ஆபீஸ் தலையில் போட நான் விரும்பவில்லை. சில கடிதங்கள் என் மேஜையிலும் கிடந்தன. ஒன்று இரண்டு மாதம் கிடந்தது. அந்த நாட்களில் ரூத் சமையலறையில் பாடத் தொடங்கியிருந்தாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் பாடியவள், பிறகு நிறுத்தியிருந்தாள்.

எஸ்தர் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனாள். வகுப்பில் கெட்டிக்காரி. தோழிகளுடன் மலாய், புத்தகத்தில் ஆங்கிலம், எங்களிடம் பாதித் தமிழ். நேசம் யாரையாவது பிடித்து எழுதவைத்து அனுப்பும் கடிதங்களை ரூத் வாசித்துக் காட்டுவாள். முதல் வருஷம் எஸ்தர் அழுதாள். இரண்டாம் வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷம் கடிதம் முடியுமுன் எழுந்துபோனாள். ரூத்தை அவள் எப்போது அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள் என்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை. நாங்கள் திருத்தவுமில்லை.

போன வருஷம் அனுமதி வந்தது. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டுக்கு மேல். நான் வரவில்லை என்றாள். கட்டாயப்படுத்தினால் கப்பலிலிருந்து குதிப்பேன் என்றாள். ரூத் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். எனக்கு லீவு கிடைத்தது. எஸ்தர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்துடன் நான் மட்டும் கப்பலேறினேன்.

7

திருநெல்வேலியிலிருந்து பஸ். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. மற்றவர்கள் ஊர் வந்துவிட்டது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

நேசம் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் போனபோது வயலில் நடவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். நடவு வரிசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால்வரை சேற்றோடு ஏறி வந்தாள். முகம் மறுபடியும் வெளுத்திருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல்லையா?"

இல்லை என்றேன். கடிதத்தை எடுக்குமுன் அந்த ஏழு நாளைப் பற்றிச் சொன்னேன். நான் ஏன் போகவில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். அவள் கையிலிருந்த நாற்றை வரப்பில் வைத்தாள்.

"ஏழு நாளா அண்ணாச்சி?"

"ஆமா நேசம்."

"ஏழு நாளும் நான் அந்த டவுன் ஸ்டேசன்லதான் இருந்தேன். எட்டாம் நாளு விடியக்காலத்ததான் கேம்புக்குக் கொண்டுபோனாவ. ஆராவது வருவாவண்ணு வாசலையே பாத்துகிட்டு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிள்ளை ஏதாவது கொடுத்துவிட்டாளா என்று அவளே கேட்டாள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எஸ்தருக்கு அதுதான் எளிது. நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நான் சுகம், நன்றாகப் படிக்கிறேன் என்பது வரை சரியாகச் சொன்னேன். அடுத்த வரி வந்ததும், படிப்பு முடிந்த பிறகு வருவேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். நேசம் என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ளத உள்ளபடி வாசியுங்க அண்ணாச்சி. ஒருத்தர் மாத்திச் சொன்னதுலதான் நான் இங்கின நிக்கேன்."

உள்ளபடி வாசித்தேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. என்னைத் திரும்பக் கூப்பிட வேண்டாம். கோபப்படாதீர்கள். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

"அம்மாண்ணு ஆரச் சொல்லுகா?"

"ரூத்தை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வயலில் வரிசையாக நின்ற பெண்கள் நடவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நேசம் அவர்கள் பக்கம் திரும்பி, வந்துவிடுகிறேன் என்பதுபோல் கையைக் காட்டினாள். பிறகு என்னிடம் மெதுவாகப் பேசினாள்.

"மழையில நனைஞ்சா அவளுக்கு நெஞ்சு கட்டும். சூடு வெள்ளம் வச்சுக் குடுக்கணும். சும்மா குடுத்தா குடிக்கமாட்டா, இம்புடு கருப்பட்டி போடணும். ரூத்தக்காகிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். எஸ்தரிடம் என்ன சொல்ல என்று கேட்டேன்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."

வரப்பில் வைத்த நாற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வரிசையில் அவள் இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். அங்கே போய் நின்று, குனிந்து நடத் தொடங்கினாள்.